பனிக்கு அடியில் ஒரு வீடு

பிள்ளைகளே, குளிர்காலத்தில் உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு இருட்டும்? கனடாவிலோ நார்வேயிலோ இருந்தால் நாலு மணிக்கே இருட்டிவிடும், இல்லையா? பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே தெருவிளக்கு எரியும். வெளியே போய் விளையாடவும் முடியாது. எப்படா வெயில் வரும் என்று இருக்கும்.

இப்போ நாம் பார்க்கப் போகிற மனிதருக்குப் பொழுது சாய்ந்தது ஏப்ரல் மாதத்தில். மறுபடி விடிந்தது ஆகஸ்ட் கடைசியில்! அவ்வளவு நீளமான இரவு. அந்த இரவில் அவர் பனிக்கு அடியில் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தார். பக்கத்து வீடு எங்கே தெரியுமா? ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தில்.

அவர் பெயர் ரிச்சர்டு பேர்டு. அவர் அங்கே ஏன் போனார், என்ன வேலை செய்தார், எப்படிப் பிழைத்தார் என்று படிப்போம், வாங்க.

சின்ன வயதிலேயே பெரிய பயணம்

பேர்டு 1888ஆம் ஆண்டு அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து குடும்ப நண்பர் ஒருவர் அவரை அழைத்தார். அந்தக் காலத்தில் பயணிகள் விமானம் கிடையாது. ரயிலிலும் கப்பலிலும் வாரக்கணக்கில் போக வேண்டும். ஆனாலும் பையன் தனியாகவே கிளம்பிவிட்டான். போன வழியே திரும்பி வரவும் இல்லை. உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றித்தான் வீடு வந்து சேர்ந்தான்!

பெரியவரானதும் கடற்படையில் சேர்ந்தார். காலில் அடிபட்டதால் கப்பலில் நெடுநேரம் நின்று வேலை செய்வது கஷ்டமாக இருந்தது. சரி, நிற்க முடியாவிட்டால் என்ன, பறக்கலாமே என்று விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

1926இல் வட துருவத்துக்கு மேலே பறந்துவிட்டு வந்ததாக அறிவித்தார். உண்மையிலேயே துருவம் வரை போனாரா என்று இன்றைக்கும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் 1929 நவம்பரில் அவரும் இன்னும் மூன்று பேரும் தென் துருவத்துக்கு மேலே பறந்தார்கள். போய்த் திரும்ப ஏறக்குறைய 19 மணி நேரம் ஆனது. தென் துருவத்துக்கு மேலே முதன்முதலில் பறந்தவர்கள் அவர்கள்தான்.

ஏன் தனியாகப் போனார்?

தென் துருவம் அண்டார்டிகா கண்டத்தில் இருக்கிறது. அந்தக் கண்டம் கிட்டத்தட்ட முழுவதும் பனிக்கட்டியால் மூடிக் கிடக்கிறது. அதன் ஓரத்தில், கடல்மேல் மிதக்கும் மிகப் பெரிய பனித்தட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் ராஸ் பனித்தட்டு. அங்கே கடலுக்குப் பக்கத்தில் பேர்டு ஒரு முகாம் அமைத்தார். அதற்கு லிட்டில் அமெரிக்கா என்று பெயர் வைத்தார்.

1934ஆம் ஆண்டு அந்த முகாமில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். விஞ்ஞானிகள், விமானிகள், சமையல்காரர், வண்டி ஓட்டுபவர்கள் என்று ஒரு சின்ன ஊர் மாதிரி. இழுவை நாய்களும் நிறைய இருந்தன.

பேர்டுக்கு ஓர் ஆசை இருந்தது. கடற்கரையில் காற்றும் குளிரும் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். கடலை விட்டுத் தள்ளி, உள்ளே போனால் குளிர்காலத்தில் எப்படி இருக்கும்? அதுவரை யாரும் அங்கே குளிர்காலத்தில் தங்கி அளந்து பார்த்ததில்லை. தென்பக்கத்துக் குளிர்காற்று உலகத்தின் மற்ற இடங்களின் வானிலையையும் மாற்றுகிறது. அதனால் யாராவது அங்கே இருந்து தினமும் அளந்து எழுத வேண்டும்.

மூன்று பேரை அனுப்பலாம் என்றுதான் முதலில் திட்டம் போட்டார்கள். ஆனால் சாமான் ஏற்றிப்போன டிராக்டர்கள் குளிரில் பழுதாகின. மூன்று பேருக்கு வேண்டிய சாப்பாட்டையும் எரிபொருளையும் கொண்டு சேர்க்க முடியவில்லை.

அப்போ இரண்டு பேர் போகலாமே? பேர்டு அதற்கும் சம்மதிக்கவில்லை. ஏன் தெரியுமா? யோசிச்சுப் பாருங்க. ஒரே அறை. வெளியே இருட்டு. ஆறு ஏழு மாதம் அதே முகம், அதே குரல். சாப்பிடும் சத்தம்கூட எரிச்சலாக இருக்கும். மூன்று பேர் என்றால், இரண்டு பேர் சண்டை போடும்போது மூன்றாம் ஆள் சமாதானம் செய்து வைப்பார். இரண்டு பேர் மட்டும் என்றால் யார் செய்வது?

அதனால் ஒருவர்தான் போக வேண்டும் என்று முடிவானது. இவ்வளவு ஆபத்தான வேலைக்கு வேறு ஒருவரை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. தலைவரான அவரே கிளம்பினார். கிளம்பும் முன் ஒரு கண்டிப்பான கட்டளையும் போட்டார். தனக்கு என்ன ஆனாலும் சரி, வெளிச்சம் திரும்பும் முன்னால் யாரும் தன்னைத் தேடி வரக்கூடாது. இந்தக் கட்டளையை ஞாபகம் வச்சுக்கோங்க. பிறகு தேவைப்படும்.

பனிக்குள் அறை

பனியில் பெரிய குழி வெட்டி, அதற்குள் ஒரு மர அறையை இறக்கினார்கள். நீளம் சுமார் 13 அடி, அகலம் 9 அடி. உங்கள் படுக்கை அறை அளவுதான் இருக்கும். அறையைப் பனி மூடிக்கொண்டது. மேலே கூரையில் ஒரு கதவு. ஏணியில் ஏறி, கதவைத் தலைக்கு மேலே தூக்கித்தான் வெளியே வர வேண்டும். அறையின் பக்கத்தில் பனியைக் குடைந்து இரண்டு சுரங்கங்கள் செய்தார்கள். ஒன்றில் சாப்பாட்டுப் பெட்டிகள். மற்றதில் எண்ணெய்ப் பீப்பாய்கள்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, புத்தகங்கள், பாட்டுக் கேட்க ஓர் இசைத்தட்டுப் பெட்டி, ஓர் எண்ணெய் அடுப்பு. அந்த அடுப்புதான் அறையைச் சூடாக்கும். அதன் புகை ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும்.

1934 மார்ச் 28ஆம் தேதி முதல் பேர்டு அங்கே தனியாக இருந்தார். உதவிக்கு வந்தவர்கள் டிராக்டரில் ஏறித் திரும்பிப் போய்விட்டார்கள். டிராக்டர் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. அதன் பிறகு வேறு சத்தமே இல்லை. காற்றின் சத்தம் மட்டும்தான்.

பேசுவதற்கு ஒரு வானொலிக் கருவி இருந்தது. வாரத்தில் சில நாட்கள் குறித்த நேரத்தில் லிட்டில் அமெரிக்காவோடு பேசுவார். அவர்கள் பேசுவது இவருக்குக் காதில் கேட்கும். ஆனால் இவர் பதிலைக் குரலில் சொல்ல முடியாது. மோர்ஸ் குறியீட்டில், புள்ளியும் கோடுமாக, ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வேண்டும். அதில் அவருக்குப் பழக்கம் குறைவு. ரொம்ப மெதுவாகத்தான் தட்டுவார்.

ஒவ்வொரு நாளும் வேலை

தனியாக இருந்தால் நாள் முழுக்கத் தூங்கலாம் என்று நினைக்காதீங்க! அவருக்கு வேலைக்குக் குறைவே இல்லை.

வெப்பமானியைப் பார்த்துக் குளிரைக் குறிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு வேகம் என்று பார்க்க வேண்டும். தானாகக் கோடு போடும் கருவிகளுக்குச் சாவி கொடுத்து, தாள் மாற்ற வேண்டும். காற்றுமானியில் பனி ஒட்டிக்கொண்டால் கம்பத்தில் ஏறிச் சுரண்டி எடுக்க வேண்டும். வானத்தில் துருவ ஒளி தெரிந்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும். துருவ ஒளி என்றால் வானத்தில் பச்சையும் சிவப்புமாகத் திரைச்சீலை போல ஆடும் வெளிச்சம்.

குளிர் எவ்வளவு தெரியுமா? சில நாட்களில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 60 பாகை வரை இறங்கியது. நம் வீட்டு உறைபெட்டிக்குள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே 18 பாகைதான். ஒப்பிட்டுப் பாருங்க!

சமையலும் அவரேதான். அங்கேதான் ஒரு வேடிக்கை. சமையல் புத்தகத்தைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். கடிகார மணியும் வரவில்லை. ஒருநாள் சோளமாவுக் கஞ்சி வைத்தார். மாவை அளவு தெரியாமல் கொட்டிவிட்டார். கஞ்சி பொங்கிப் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்து அடுப்பெல்லாம் ஓடியது! அப்பம் சுட்டால் அதுவும் சட்டியை விட்டு வராது. முதல் முறை தோசை சுடுகிறவர் பாடு எப்படி இருக்குமோ அப்படித்தான்.

தினமும் கொஞ்ச நேரம் வெளியே நடப்பார். வழி தவறாமல் இருக்கப் பனியில் மூங்கில் குச்சிகளை வரிசையாக நட்டிருந்தார். ஒருநாள் ஏதோ யோசனையில் குச்சிகளைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே இருட்டு, ஒரே பனி. அவர் பதறி ஓடவில்லை. நின்ற இடத்தில் ஓர் அடையாளம் செய்தார். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து தேடிவிட்டு, மறுபடி அடையாளத்துக்கே வந்தார். அப்படித் தேடித் தேடிக் கடைசியில் குச்சியைக் கண்டுபிடித்தார்.

இன்னொரு நாள் பனிப்புயல். கருவியைப் பார்க்க வெளியே வந்தவர் திரும்பி உள்ளே போகப் பார்த்தால், கதவு உறைந்து இறுகிவிட்டது. இழுத்தார், உதைத்தார், அசையவில்லை. புயலில் கண்ணைத் திறக்கவும் முடியவில்லை. தடவித் தடவி ஒரு மண்வாரியைக் கண்டுபிடித்தார். அதன் பிடியைக் கதவின் கைப்பிடிக்குள் நுழைத்து நெம்பித் திறந்தார். உள்ளே விழுந்தார். அப்பாடா!

ஆனால் அவருடைய பெரிய எதிரி வெளியே இல்லை. அறைக்குள்ளேயே இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

மே மாதத்தில் அவருக்கு அடிக்கடி தலை வலித்தது. கண் எரிந்தது. மனசும் சோர்ந்து போனது. இருட்டில் இருப்பதால்தான் இப்படி என்று முதலில் நினைத்தார்.

காரணம் வேறு. எந்த அடுப்பும் எரியக் காற்று வேண்டும். போதுமான காற்று கிடைக்காமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அதற்கு நிறம் கிடையாது. மணமும் கிடையாது. மூச்சோடு உள்ளே போய், இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, வாந்தி. பிறகு மயக்கம். அதற்கும் பிறகு உயிருக்கே ஆபத்து.

பேர்டின் அறையில் புகைக்குழாயின் இணைப்புகள் சரியாகப் பொருந்தவில்லை. காற்றுக் குழாயின் வாயையும் பனி அடைத்துக்கொண்டே இருந்தது. வானொலிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன இயந்திரம் சுரங்கத்தில் இருந்தது. அது பெட்ரோலில் ஓடும். அதன் புகை போகும் வழியும் அடைபட்டது.

மே 31ஆம் தேதி அவர் லிட்டில் அமெரிக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் இயந்திரத்தின் சத்தம் மாறியது. என்ன ஆச்சு என்று பார்க்கப் போனார். அங்கேயே மயங்கி விழுந்தார். நினைவு வந்ததும் ஊர்ந்து ஊர்ந்து அறைக்கு வந்து சேர்ந்தார்.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் என்ன செய்வது? அடுப்பை எரித்தால் நச்சு வாயு. அணைத்தால் குளிர். இரண்டுமே ஆளைக் கொன்றுவிடும். அதனால் ஒரு வழி செய்தார். நாளில் பல மணி நேரம் அடுப்பை அணைத்துவைத்தார். உறைப்பைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார். அறையின் சுவரில் பனிக்கட்டி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. ஏணியில் ஏறவே ரொம்ப நேரம் ஆனது.

அப்படியும் கருவிகளுக்குச் சாவி கொடுத்தார். தாள் மாற்றினார். எண்களை எழுதினார். அந்த வேலைக்காகத்தானே வந்தார்!

மறைத்த செய்தி

பிள்ளைகளே, வானொலி இருந்ததே, உதவி கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் கேட்கவில்லை.

அவருக்கு அண்டார்டிகாவின் குளிர்கால இருட்டு எப்படிப்பட்டது என்று தெரியும். பனித்தட்டில் ஆழமான வெடிப்புகள் உண்டு. மேலே மெல்லிய பனி மூடியிருக்கும். டிராக்டர் அதன்மேல் ஏறினால் ஆளோடு உள்ளே போய்விடும். தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நண்பர்கள் கிளம்பிவிடுவார்கள். தன் ஒருவருக்காகப் பலர் சாவதா? அவர் போட்ட கட்டளை இப்போ ஞாபகம் வருதா?

அதனால் நலமாக இருப்பது போலவே நடித்தார். வீட்டில் மனைவி மேரியும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தார். ஜூலையில் வானொலி இயந்திரமும் கெட்டுப்போனது. அதன் பிறகு கையால் சுற்றி மின்சாரம் உண்டாக்க வேண்டும். எழுந்து உட்காரவே சக்தி இல்லாதவர் ஒரு கையால் சுற்றி, மறு கையால் தட்டினார்.

லிட்டில் அமெரிக்காவில் இருந்தவர்களை ஏமாற்ற முடிந்ததா? இல்லை. அவருடைய செய்திகளில் எழுத்துகள் தப்பும் தவறுமாக வந்தன. நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. அவர் சொன்ன வார்த்தைகள் நலம் என்றன. சொன்ன விதம் வேறு எதையோ சொன்னது. நண்பர்கள் அதைக் கவனித்தார்கள்.

தாமஸ் போல்ட்டர் என்ற விஞ்ஞானி எரிநட்சத்திரங்களை ஆராய வெளியே பயணம் போகத் திட்டமிட்டிருந்தார். அதைக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கி, பேர்டின் அறை வரை போகலாம் என்று முடிவு செய்தார்கள். பேர்டும் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் பாதை தெரியாவிட்டால் உடனே திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இருட்டில் ஒரு பட்டம்

ஜூலையில் முதல் பயணம். வழிகாட்டும் கொடிகள் பனியில் புதைந்து கிடந்தன. வழி தெரியாமல் திரும்பினார்கள். இரண்டாம் பயணம். டிராக்டரில் கோளாறு. மறுபடியும் திரும்பினார்கள். போதும் என்று விட்டார்களா? இல்லை. ஆகஸ்ட் மாதம் மூன்றாம் முறை கிளம்பினார்கள். போல்ட்டர், பீட் டீமஸ், அமோரி வெய்ட் ஆகிய மூன்று பேர்.

பேர்டு அவர்களுக்கு வழிகாட்ட என்ன செய்தார் தெரியுமா? பட்டம் விட்டார்! பட்டத்தின் வாலில் பெட்ரோலில் நனைத்ததைக் கட்டி, தீ மூட்டிப் பறக்கவிட்டார். இருண்ட வானத்தில் நெருப்பு வால் ஆடியது. தகர டப்பாக்களில் பெட்ரோல் ஊற்றியும் எரித்தார். ஒவ்வொரு முறையும் ஏணி ஏறி இறங்க வேண்டும். மூச்சு வாங்கும். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார்.

ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு வடக்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது. டிராக்டர் விளக்கு! நாலரை மாதத்துக்குப் பிறகு அவர் மனித முகத்தைப் பார்த்தார்.

வருகிறவர்களுக்குக் குளிருமே என்று அவர் அடுப்பில் சூப் சூடாக்கி வைத்திருந்தார். வாங்க, கீழே சூப் இருக்கு என்று அவர்களைக் கூப்பிட்டார். விருந்தாளி வந்தால் நம் வீட்டில் முதலில் என்ன செய்வோம்? அதையேதான் அவரும் செய்தார். பிறகு ஏணியில் இறங்கியதும் துவண்டு விழுந்தார். கன்னம் ஒட்டி, எலும்பும் தோலுமாக இருந்தவரைப் பார்த்து வந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

உடனே அவரைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. உடம்பு தாங்காது. அதனால் மூன்று பேரும் அந்தச் சின்ன அறையிலேயே தங்கினார்கள். சமைத்தார்கள், பார்த்துக்கொண்டார்கள். சூரியனும் திரும்பி வந்தது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 14ஆம் தேதி, விமானம் வந்து பேர்டை லிட்டில் அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்றது.

அதன் பிறகு

அவர் அளந்து எழுதிய தாள்கள் வீண்போகவில்லை. அண்டார்டிகாவில் கடற்கரையை விட்டு உள்ளே ஒரு குளிர்காலத்தின் வானிலையை உலகம் முதன்முதலில் அவற்றிலிருந்துதான் தெரிந்துகொண்டது.

தனக்கு நடந்ததை எழுத அவர் தயங்கினார். நாலு ஆண்டு கழித்து, 1938இல்தான் புத்தகமாக எழுதினார். தான் பயந்ததையும் சோர்ந்துபோனதையும் அழகாகக் காட்டாமல் அப்படியே எழுதினார். பிறகும் அண்டார்டிகாவுக்குப் பல முறை போனார். 1957 மார்ச் 11ஆம் தேதி காலமானார். அங்கே ஒரு பெரிய நிலப்பகுதிக்கு அவர் மனைவி மேரி பேர்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இன்றைக்கு அண்டார்டிகாவில் பல நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. இந்தியாவின் நிலையங்களும் இருக்கின்றன. குளிர்காலம் முழுவதும் அங்கே ஆட்கள் தங்கி வேலை செய்கிறார்கள். இப்போ யாரும் தனியாகத் தங்குவதில்லை.

நீங்களும் ஒரு வேலை செய்யுங்க. உங்கள் வீட்டுச் சுவரிலோ கூரையிலோ ஒரு சின்ன வெள்ளைக் கருவி இருக்கிறதா என்று பாருங்க. கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்தி எச்சரிக்கும் கருவி அது. இருந்தால் வேலை செய்கிறதா என்று அம்மா அப்பாவைச் சோதிக்கச் சொல்லுங்க. அது கத்தினால் எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். பிறகு அவசர எண்ணைக் கூப்பிட வேண்டும். வெளியே மழையோ பனியோ, கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து எரிக்கவே கூடாது. பேர்டிடம் அப்படி ஒரு கருவி இல்லை. நம்மிடம் இருக்கிறது.

பேசிப் பார்ப்போம்

1. பேர்டு ஏன் இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவில்லை? நீங்களாக இருந்தால் யாரை அழைத்துப் போவீங்க?

2. வழி தவறியபோது பேர்டு என்ன செய்தார்? நீங்கள் கூட்டத்தில் தொலைந்தால் என்ன செய்ய வேண்டும்?

3. நண்பர்கள் சாகக்கூடாது என்று பேர்டு தன் நோயை மறைத்தார். பேர்டு சாகக்கூடாது என்று நண்பர்கள் இருட்டில் கிளம்பினார்கள். மறைத்தது சரியா? வகுப்பில் இரண்டு பக்கமாகப் பிரிந்து பேசுங்க.

4. உங்கள் நண்பர் ஒருவர் நல்லா இருக்கேன் என்கிறார். ஆனால் குரல் அப்படி இல்லை. நீங்கள் என்ன செய்வீங்க? ஐந்து வரி எழுதுங்க.